வைரமும் காற்பணமும்

வெள்ளவத்தையில் நம் மாணவர் சிலர், 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசைக் கதையாட்டத்தை ஆடிவருகின்றனர். மாண்ட வீரனை 500 பொன் பெறும் வைரத்தால் எழுப்பலாமென்பது அதில் ஒரு விதி. தேர்ந்த வீரர்க்கோ வைரம் வெறுங் கூழாங்கல். “சாவுக்கே மதிப்பில்லை, சேர்” என்று குறைப்பட்டனர்.

1989இல் மறைந்த நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தை எடுத்துரைத்தோம். லோகிதாசன் ஈற்றில் உயிர்பெறுவான் என்பதை யாழ்ப்பாணத்தில் அறியாதார் யார்? ஆயினும் அவையோர் அழுதனர். சுடலை காக்கும் அரிச்சந்திரன், மாண்டவன் தன் மகனே என்றறிந்த பின்னும், முழத்துண்டும் காற்பணமும் இன்றிச் சுடவிடான். சந்திரமதியிடமோ தாலியன்றி வேறில்லை.

“மிகுந்திருப்பதைக் கேளாதீர்கள், இழக்க மனம் வராததைக் கேளுங்கள்” என்றோம். அடுத்த ஆட்டத்தில், தோழனை எழுப்ப மாணவி ஒருத்தியிடம் அவளது வீராங்கனையின் குலவாளை விலையாகக் கேட்டனராம். அவள் நெடுநேரம் பேசவில்லையாம்.