அறுபதில் ஓர் அரிச்சுவடி

டாலஸ் நகரத்துத் தாத்தா பாட்டிகள் சிலருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, அதைக் கணினியில் ஏற்றிச் செம்மைப்படுத்தக் கற்க வேண்டும். இன்னும் சிலர் துண்டுத் துணிகளை இணைத்து மெத்தை விரிப்பு தைக்கப் பழக வேண்டும். அதற்குத் தந்ததோ கணினியால் இயங்கும் தையல் இயந்திரம். வேறு சிலருக்கு இரண்டுமே. வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் வீதம் மூன்று மாதம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் பார்க் நடத்திய அந்த ஆய்வில் 60 முதல் 90 வயது வரையிலான 221 பேர் இருந்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது.

அந்த ஆய்வின் சூட்சுமம் மற்ற குழுக்களில் இருக்கிறது. ஒரு குழு அதே அளவு நேரம் கூடிப் பேசியது, சமைத்தது, விளையாடியது, ஊர் சுற்றியது. புதிதாக எதையும் கற்கவில்லை. இன்னொரு குழு வீட்டிலேயே இருந்து சாஸ்திரிய இசை கேட்டது, சொற்புதிர் போட்டது. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது நினைவாற்றலில் முன்னேற்றம் தெரிந்தது, திணறித் திணறிப் புதிதாகக் கற்றவர்களிடம்தான். கேமராவோடு மல்லுக்கட்டியவர்களிடம் அது நன்றாகவே தெரிந்தது.

சுடோகுக் கட்டத்தைத் தினமும் அச்சிடும் நாளிதழ் ஒன்றிலேயே இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இருபது வருடமாகக் குறுக்கெழுத்துப் போடுகிறவர் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறார். அவருக்கு அது சுகம். காலைப் பொழுதின் அழகு. மூளைக்கு அதில் புது வேலை அதிகமில்லை. “மூளைக்குப் பயிற்சி” என்று கைபேசியில் விற்கப்படும் விளையாட்டுகளின் கதையும் பெரிதாக வேறல்ல. முதுமையின் மறதியைத் தடுக்கும் என்கிற அளவுக்கு, ஆதாரம் போதாமல் விளம்பரம் செய்த லூமோசிட்டி நிறுவனம், 2016-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

புதியது கொடுக்கும் பலனும் நிரந்தரமல்ல. 2004-ல் ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் ஆய்வாளர்கள், மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் வித்தையைச் சிலருக்குப் பழக்கினார்கள். மூன்று மாதத்தில், அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் சாம்பல் நிறத் திசு கூடியிருந்தது. பந்தை ஓரம்கட்டிய பிறகு எடுத்த ஸ்கேனில், கூடியது மறுபடி குறைந்திருந்தது.

மூளை இருக்கட்டும், மனசு?

“மனசு சரியாகட்டும், அப்புறம் வெளியே போகலாம்.” மனச்சோர்வு வந்தவர் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கோவாவில் நடந்த ஒரு சிகிச்சை முயற்சி இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான மருத்துவத்தோடு, ஒரு பாதிப் பேருக்குச் சில அமர்வுகள் ஆலோசனையும் கிடைத்தது. ஆலோசனை சொன்னவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அவர்கள் கேட்டது, நோயாளி விட்டுவிட்ட காரியம் என்ன, நாளைக்கு அதில் எந்தச் சிறு துண்டைச் செய்யலாம் என்பதைத்தான். மூன்று மாதத்தில் அந்தப் பாதியில் குணமானவர்கள் அதிகம். 2017-ல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது. மாத்திரைக்குப் பதில் மண்பானை செய்யப் போகலாம் என்று இதற்கு அர்த்தமல்ல. உற்சாகம் வந்த பிறகே செயல் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதை மட்டும் இது காட்டுகிறது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தயக்கம்? நேரமும் பணமும் காரணம்தான். வாரம் 15 மணி நேரம் என்றால், பேரப்பிள்ளையையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ளும் அம்மாக்கள் சிரிப்பார்கள். ஆனால் அதைவிடப் பெரிய சுவர் வெட்கம். ஐம்பத்தைந்து வயதில் நீச்சல் கற்கப் போகிறவரிடம் வீட்டார் முதலில் கேட்பது, “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்றுதான். தத்தக்கா பித்தக்காவென்று தொடங்கும் உரிமையைக் குழந்தைகளுக்கு மட்டும் எழுதிவைத்துவிட்டோம். பெரியவர் தப்பும் தவறுமாக எதையாவது செய்தால் அது வேடிக்கையாகிவிடுகிறது.

வெட்கமில்லாமல் தடுமாற ஓர் இடம் வேண்டும். தன்னைப் போலவே தடுமாறும் பத்துப் பேர் இருக்கும் இடம். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வகுப்பு நடக்கிறது. தேர்வு முடிந்ததும் அந்தக் கூட்டம் ஏன் கலைய வேண்டும்? அதே அறையில், அதே மாலை நேரத்தில், கைபேசியில் படமெடுப்பதையோ மிருதங்கத்தையோ தொடரலாமே. ஊர் நூலகத்துக்கும் இது பொருந்தும்.

கேரளத்தின் செப்பாட்டில், கோயில்களைப் பெருக்கிக் காலம் தள்ளிய கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்துக் கூட்டப் பழகினார். கொள்ளுப்பேரப் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். 2018-ல் மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வில் அவர் எடுத்தது 100-க்கு 98. அடுத்து என்ன என்று கேட்டவர்களிடம் கம்ப்யூட்டர் கற்க ஆசை என்றார். அந்த ஆண்டே கல்வி அமைச்சர் அவர் வீட்டுக்கு ஒரு மடிக்கணினியோடு போனார்.