கடை நடத்தியவர் ஆஸ்பத்திரியை நடத்துவாரா?

ஒரு வட்டாரத்தின் மருத்துவ சேவையைப் பார்த்துக்கொள்ளும் வாரியத்துக்கு ஆள் போடும்போதெல்லாம் ஒரே பேச்சு கிளம்புகிறது. பெரிய கம்பெனி நடத்திய ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வையுங்கள், எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். 2025 மார்ச்சில் பிரிட்டன் பிரதமர் கியர் ஸ்டார்மர், தேசிய சுகாதார சேவையின் (என்.எச்.எஸ்.) தலைமை அமைப்பான என்.எச்.எஸ். இங்கிலாந்தையே கலைக்கப்போவதாக அறிவித்தார். இங்கிலாந்தைப் பங்கு பிரித்துக் கவனித்துவந்த 42 வட்டார வாரியங்களும் நிர்வாகச் செலவில் பாதியை வெட்ட வேண்டும் என்றும் உத்தரவு போனது. கூடவே அந்தப் பழைய பேச்சும் சூடு பிடித்துவிட்டது. நிர்வாகம் தெரிந்தால் போதும், எதை நிர்வகிக்கிறோம் என்பது அப்புறம் என்கிற இந்த நம்பிக்கை நம் ஊரிலும் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அரசு ஆஸ்பத்திரியைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கும் யாரும் கடைசியில் ‘தனியார்காரனிடம் கொடுத்தால் ஒழுங்காக நடக்கும்’ என்றுதான் முடிக்கிறார்கள். இந்த நம்பிக்கை பொய். அது பொய்யென்று காட்டும் ஆவணங்கள் வெளிவந்து பல வருடங்களாகியும் யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் ஆத்திரமூட்டுகிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1983-இல் மார்கரெட் தாட்சர் அரசு, தேசிய சுகாதார சேவையின் நிர்வாகத்தை ஆராயும் பொறுப்பை ராய் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்தது. அவர் செயின்ஸ்பரிஸ் சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் துணைத் தலைவர், நிர்வாக இயக்குநர். 24 பக்கக் கடிதம் ஒன்றை அவர் எழுதினார். இந்த சேவையில் பொறுப்பு யாருடையது என்றே தெரியவில்லை, ஒவ்வொரு மட்டத்திலும் பொது மேலாளர் ஒருவர் வேண்டும் என்பது அதன் சாரம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பொறுப்பு எங்கே என்று தெரியாமல்தான் கிடந்தது. ஆனால் பொறுப்பை ஒருவர் தலையில் வைப்பது வேறு, கம்பெனி போர்டு போலவே ஆஸ்பத்திரி வாரியத்தையும் வார்த்தெடுப்பது வேறு. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவதைச் செய்தது. உள்ளாட்சி மன்றங்கள் அனுப்பிவைத்த உறுப்பினர்களுக்கு மாவட்ட சுகாதார அமைப்புகளில் இருந்த இடம் பறிபோனது. அந்த இடத்தில் சம்பள இயக்குநர்களும், அவர்களைக் கண்காணிக்கவென்று வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட இயக்குநர்களும் சம அளவில் வந்து உட்கார்ந்தார்கள். தெருக்காரர்கள் வழிமறித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவர் அந்த மேஜையில் இல்லாமல் போனது அப்போதுதான்.

அந்த மேஜை எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதை அறிய ஸ்டாஃபோர்டுக்குப் போக வேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் டிரஸ்ட் என்ற அரசு சுகாதார அமைப்பு நடத்திய சாதாரண மாவட்ட ஆஸ்பத்திரி அது. 2006–07 நிதியாண்டில் 1 கோடி பவுண்டு மிச்சப்படுத்துவது என்று வாரியம் முடிவெடுத்தது. 150-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் போயின. நிதி நிலைமை சீராக இருப்பதைக் காட்டி, தன்னாட்சி பெற்ற ‘ஃபவுண்டேஷன் டிரஸ்ட்’ தகுதியை அடைவதுதான் இலக்கு. 2008 பிப்ரவரியில் அந்தத் தகுதி கிடைத்தது. தகுதி கொடுத்த கண்காணிப்பு அமைப்பு கணக்கைப் பார்த்தது, வணிகத் திட்டத்தைப் பார்த்தது, வாரிய உறுப்பினர்களை அழைத்துப் பேட்டியும் கண்டது. அந்த மாதங்களில் வார்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் யாரை முதலில் கவனிப்பது என்று மருத்துவப் பயிற்சியே இல்லாத வரவேற்பு ஊழியர்கள் தீர்மானித்தார்கள். இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகள் அணைக்கப்பட்டுக் கிடந்தன. அவற்றை இயக்க நர்ஸுகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தண்ணீரும் சாப்பாடும் நோயாளியின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. அழைப்பு மணியை அழுத்தினால் ஆள் வரவில்லை. அழுக்கான படுக்கை விரிப்பிலேயே வயதானவர்கள் மணிக்கணக்கில் கிடந்தார்கள். 2007-இல் நீரிழிவு நோயாளியான 66 வயதுப் பெண் ஒருவர் இன்சுலின் போடப்படாமலே இறந்துபோனார். அந்த ஒரு சாவுக்காக 2014-இல் நீதிமன்றம் டிரஸ்டுக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. மொத்தம் எத்தனை பேர் அநியாயமாகச் செத்தார்கள் என்று பத்திரிகைகளில் நடந்த எண்ணிக்கைச் சண்டைக்குள் நான் நுழையவில்லை. இன்சுலின் போடாத ஒரு வார்டு போதும்.

இந்த ஆஸ்பத்திரியில் இறப்பு விகிதம் எதிர்பார்ப்பதைவிட வெகு அதிகம் என்று 2007-இல் புள்ளிவிவரம் வெளியானது. நிர்வாகம் என்ன செய்தது? நோய்களுக்குக் குறியீடு போட்டுப் பதிவதில் பிழை இருக்க வேண்டும் என்று சொல்லி, பதிவேட்டைச் சரிபார்க்க நிபுணர்களைத் தேடியது. எண்ணை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு எண் தப்பாகத் தெரிந்தால், எண்ணைத் திருத்தத்தான் தோன்றும். படுக்கையருகே போய்ப் பார்க்கத் தோன்றாது. பின்னால் கணக்குப் போட்டபோது ஏறத்தாழ 120 செவிலியர்கள் குறைவாக இருந்தது தெரியவந்தது. அவசரப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் ஏறக்குறைய 100 முறை எழுத்தில் புகார் கொடுத்திருந்தார். தன் தாயை அந்த ஆஸ்பத்திரியில் இழந்த ஜூலி பெய்லி, உள்ளூரில் சிறிய காபிக்கடை நடத்தியவர். அவர் அந்தக் கடையின் சுவரில் இறந்தவர்களின் படங்களை மாட்டி, குடும்பங்களைத் திரட்டிப் போராடிய பிறகுதான் விசாரணைகள் வந்தன. ராபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையில் 2010-இலும் 2013-இலும் இரண்டு பெரிய அறிக்கைகள் வெளியாயின. இரண்டாவதில் மட்டும் 290 பரிந்துரைகள். வாரியத்தில் இருந்த ஒருவர்கூட முதலில் கண்டுபிடிக்காததை ஒரு காபிக்கடைக்காரர் கண்டுபிடித்தார் என்றால், ‘தகுதி’ என்று நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

ஸ்டாஃபோர்டு வாரியத்திலும் மருத்துவ இயக்குநரும் செவிலியர் இயக்குநரும் இருந்தார்களே என்று இங்கே கேட்பார்கள். இருந்தார்கள், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவர்கள் தலைமை நிர்வாகிக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்கள். ஆட்குறைப்புத் திட்டத்தை மேஜையில் வைப்பவரும், அதனால் யாருக்கு ஊசி தவறும் என்று சொல்ல வேண்டியவரும் ஒரே அதிகாரியிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தால், இரண்டாமவரின் குரல் எவ்வளவு தூரம் ஒலிக்கும்? நிர்வாகத்தை எதிர்த்துக் கேள்வி கேட்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள் வெளி இயக்குநர்கள். அவர்களிடம்தான் வார்டு தெரிந்த கண் வேண்டும். ஸ்டாஃபோர்டிலோ அன்றாட நடப்பு நிர்வாகிகள் வேலை, கொள்கை வகுப்பதே எங்கள் வேலை என்ற பிரிவினையைப் பிடித்துக்கொண்டு வாரியம் ஒதுங்கியே நின்றதை ஃபிரான்சிஸ் அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. கொள்கை வேறு, நடப்பு வேறு என்பது கம்பெனி உலகின் பாலபாடம். பிஸ்கட் விற்கும் நிறுவனத்தில் அதனால் பெரிய கேடு இல்லை. வரிசையில் நிற்கும் நோயாளி விஷயத்தில் அந்தப் பாடம் ஆளைக் கொல்லும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஃபவுண்டேஷன் டிரஸ்டுகள் வாரியக் கூட்டத்தைப் பொதுமக்கள் முன்னால் நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை கிடையாது. வியாபார ரகசியம் காப்பது போல ஆஸ்பத்திரி நடப்பையும் மூடிய அறைக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது.

பணக் கணக்கு தெரியாதவர்களிடம் கோடிக்கணக்கான பவுண்டை ஒப்படைப்பதா என்பது அடுத்த கேள்வி. யாரும் அப்படிக் கேட்கவில்லை. நிதி இயக்குநர் ஒருவர் சட்டப்படியே வாரியத்தில் இருக்கிறார், தணிக்கை இருக்கிறது, கணக்காளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். வாரியத்தின் நாற்காலி அதற்கு இல்லை. எந்தக் கேள்வி முதலில் கேட்கப்படும் என்பதைத் தீர்மானிக்கும் இடம் அது. ஆஷிஷ் ஜா, ஆர்னால்டு எப்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் லாபநோக்கற்ற ஆஸ்பத்திரிகளின் வாரியத் தலைவர்களிடம் கேட்டு, 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிகிச்சைத் தரம் தங்கள் வாரியத்தின் முதல் இரண்டு முன்னுரிமைகளில் ஒன்று என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. ஆஸ்பத்திரி வாரியத்தின் முதல் இரண்டு கவலைகளில் சிகிச்சை இடம்பெறவில்லையென்றால், அந்த வாரியம் எதற்கு?

அப்படியானால் எல்லா நாற்காலியிலும் டாக்டர்களை உட்கார வைத்துவிடலாமா? அதையும் நான் ஏற்கவில்லை. மருத்துவர்கள் தலைமையேற்ற அமெரிக்க ஆஸ்பத்திரிகள் தரப் பட்டியலில் மேலே இருப்பதை அமாண்டா குட்டால் 2011-இல் காட்டினார். அந்த ஆய்வை நீட்டி இழுத்து, மருத்துவர் இருந்தாலே போதும் என்பவர்களுக்குப் பதில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஆஸ்பத்திரி. 1990-களின் முற்பகுதியில் அங்கே இதய அறுவை சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் மற்ற ஊர்களைவிட அதிகமாக இறந்தார்கள். 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளில் மட்டும் 30 முதல் 35 சாவுகள் கூடுதல் என்று 2001-இல் வெளியான கென்னடி விசாரணை அறிக்கை கணக்கிட்டது. மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் எச்சரித்துக்கொண்டே இருந்தார். அந்த டிரஸ்டின் தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸ் ஒரு மருத்துவர்தான். 1998-இல் மருத்துவக் கவுன்சில் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. அங்கே அதிகாரம் ஒரு சிலர் கையில் குவிந்து கிடந்தது. வெளியாள் யாரும் உள்ளே நுழைந்து கேட்க முடியவில்லை. ஸ்டாஃபோர்டில் கணக்கு மேஜைக்கு வெளியே நின்ற நோயாளி, பிரிஸ்டலில் மருத்துவர்கள் வட்டத்துக்கு வெளியே நின்றார். இரண்டு இடத்திலும் உள்ளே வர வேண்டியவர் அவர்தான்.

தொழிலதிபர்கள் அரசியல்வாதிக்கு வளைந்துகொடுக்க மாட்டார்கள் என்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு தூண். கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தைப் பாருங்கள். ஒன்பது வட்டார அமைப்புகளையும் வேறு சில வாரியங்களையும் ஒன்றாக்கி 2009-இல் ஆல்பெர்ட்டா ஹெல்த் சர்வீசஸ் தொடங்கியது. சரக்குப் போக்குவரத்தும் எண்ணெய் வயல் சேவைகளும் நடத்தும் பெரிய நிறுவனத்தின் தலைமையில் இருந்த ஸ்டீபன் லாக்வுட் 2013-இல் அதன் வாரியத் தலைவர். அதிகாரிகளுக்கு 32 லட்சம் டாலர் ஊக்கத்தொகை கொடுக்காதே என்றது அரசு, கொடுப்போம் என்றது வாரியம். அமைச்சர் மொத்த வாரியத்தையும் ஒரே நாளில் நீக்கினார். 2022 நவம்பரில் வேறொரு அரசு வேறொரு வாரியத்தை நீக்கியது. 2025 ஜனவரியில் மறுபடியும் நடந்தது. யார் நியமித்தாரோ அவரே நீக்கலாம் என்றிருக்கும்வரை நாற்காலியில் இருப்பவரின் தொழில் அனுபவம் அரசியலைத் தடுக்காது. 2013-இல் அந்த வாரியம் எதற்காகத் தன் பதவியையே பணயம் வைத்தது என்பதையும் கவனியுங்கள். அதிகாரிகளின் ஊக்கத்தொகைக்காக. பிரிட்டனிலோ, டாக்டாக் தொலைபேசி நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த டைடோ ஹார்டிங் 2017-இல் என்.எச்.எஸ். இம்ப்ரூவ்மென்ட் அமைப்பின் தலைவரானார். 2020 மே மாதம் கொரோனா தொற்றுத் தடமறியும் திட்டமே அவரிடம் போனது. இரண்டு வருடத்துக்கு ஒதுக்கப்பட்டது 3,700 கோடி பவுண்டு. தொற்றின் போக்கை அந்தத் திட்டம் மாற்றியதற்குத் தெளிவான சான்று இல்லை என்று 2021 மார்ச்சில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு எழுதியது. ஒவ்வொரு ஊரிலும் தொற்றைத் தேடித் தடுக்கவென்றே வேலைபார்க்கும் உள்ளாட்சிப் பொதுசுகாதார அலுவலர்கள் அப்போது ஓரங்கட்டப்பட்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு என்ன கற்றுக்கொண்டார்கள்? 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வட்டார வாரியங்களில் தலைவர், தலைமை நிர்வாகி தவிர ஆஸ்பத்திரி டிரஸ்டுகள், பொதுநல மருத்துவர்கள், உள்ளாட்சி ஆகிய தரப்புகளுக்கும் இடம் தந்தது. நோயாளிகளுக்கு என்று கட்டாய இடம் தரவில்லை. நோயாளிகளின் குரலைக் கேட்டுச் சொல்லவென்று உருவான ஹெல்த்வாட்ச் அமைப்பையும் மூடப்போவதாக 2025 கோடையில் அரசு அறிவித்துவிட்டது. ஃபிரான்சிஸின் இரண்டாவது அறிக்கை வந்து அப்போது 12 வருடம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு வட்டார வாரியத்திலும் இரண்டு இடங்களையாவது அந்த வட்டார ஆஸ்பத்திரிகளில் படுத்து எழுந்தவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொண்ட குடும்பத்தாருக்கும் ஓட்டுரிமையோடு ஒதுக்க வேண்டும். இன்னொரு இடம் டிரஸ்டிடம் சம்பளம் வாங்காத, வார்டில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸுக்கு. இவர்களை அமைச்சர் நியமிக்கவும் கூடாது, அமைச்சர் நீக்கவும் கூடாது. ஒவ்வொரு கூட்டத்திலும் நிதி அறிக்கையைத் திறப்பதற்கு முன்னால், அந்த மாதம் வந்த புகார்க் கடிதங்களில் சிலவற்றை, எழுதியவர் சம்மதத்தோடு, பெயரை மட்டும் மறைத்து, பொதுமக்கள் முன்னிலையில் முழுசாக வாசிக்க வேண்டும்.