ரேம் விலை ஏறிப்போச்சு: குறைந்த பட்ஜெட்டில் கேமிங் பிசி இன்னும் சாத்தியமா?

முதல் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, சொந்தமாக ஒரு கேமிங் பிசி அசெம்பிள் பண்ணலாம் என்று ஆசை. பழைய யூடியூப் வீடியோ ஒன்றைப் பார்த்துப் பட்டியல் போடுகிறீர்கள். பிராசசர் விலை ஓகே. கிராபிக்ஸ் கார்டு கொஞ்சம் கூடுதல், பரவாயில்லை. ரேமுக்கு வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. வீடியோவில் சொன்ன விலைக்கும் திரையில் இருக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். டெல்லி நேரு பிளேஸ், பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் என எங்கே விசாரித்தாலும் கதை ஒன்றுதான். பட்ஜெட் பிசிக்காக நாம் பல வருடங்களாக நம்பிய சூத்திரம் 2025 கடைசியில் உடைந்துபோனது. ஏன் உடைந்தது, இப்போது காசை எங்கே போடுவது என்று பார்ப்போம்.

ரேமுக்கு என்ன ஆச்சு?

உலகில் தயாராகும் டிராம் வகை நினைவக சிப்களில் பெரும்பகுதி மூன்றே நிறுவனங்களிடமிருந்து வருகிறது: தென் கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். உங்கள் ரேம் ஸ்டிக்கின் மேல் எந்த பிராண்ட் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றின் சரக்குதான்.

இந்த மூவருக்கும் இப்போது நம்மைவிடப் பெரிய வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்: ஏஐ டேட்டா சென்டர்கள். அங்கே ஓடும் சிப்களுக்கு எச்பிஎம் என்ற அதிவேக நினைவகம் தேவை. நினைவக சிப்கள் வேஃபர் எனப்படும் சிலிக்கான் வட்டத் தட்டில் உருவாகின்றன. ஒரே அளவு ஜிபிக்கு, டிடிஆர்5 ரேமைவிட எச்பிஎம் ஏறக்குறைய மூன்று மடங்கு வேஃபரை விழுங்கும். அதாவது டேட்டா சென்டருக்கு ஒரு ஜிபி போனால், நமக்கு வர வேண்டிய மூன்று ஜிபி குறைகிறது.

2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ தன் ஸ்டார்கேட் திட்டத்துக்காக சாம்சங்குடனும் எஸ்கே ஹைனிக்ஸுடனும் கைகோத்தது. அப்போது சொல்லப்பட்ட இலக்கு மாதத்துக்கு 9 லட்சம் வேஃபர் வரை. டிசம்பர் 3 அன்று மைக்ரான் இன்னொரு குண்டைப் போட்டது. 29 வருடமாக சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேமும் எஸ்எஸ்டியும் விற்ற ‘க்ரூஷியல்’ பிராண்டை மூடுவதாகவும், 2026 பிப்ரவரி இறுதி வரை மட்டுமே சரக்கு அனுப்புவதாகவும் அறிவித்தது. பட்ஜெட் பிசி பட்டியல்களில் அடிக்கடி இடம்பிடித்த பெயர் அது.

விளைவு, 2025 இறுதிக்குள் சில்லறைச் சந்தையில் டிடிஆர்5 ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு, மூன்று மடங்கானது. பழைய டிடிஆர்4 தப்பித்ததா என்றால் அதுவும் இல்லை. தயாரிப்பைக் குறைப்பதாக நிறுவனங்கள் சொன்னதிலிருந்தே அதன் விலையும் ஏறத் தொடங்கிவிட்டது. எஸ்எஸ்டிக்கும் அதே சூடு.

இந்தியாவில் ஏன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வலிக்கிறது?

பிசி பாகங்களின் விலை டாலரில் பிறக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 கார்டை எடுத்துக்கொள்வோம். 2025 மே மாதம் அறிமுகமானபோது அமெரிக்க விலை 299 டாலர். அப்போது டாலர் சுமார் 85 ரூபாய். 18% ஜிஎஸ்டியும் சேர்த்தால் ஏறக்குறைய 30,000 ரூபாய். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அதே 299 டாலர் அந்த விகிதத்தில் வரியோடு சுமார் 31,750 ரூபாய். கார்டு மாறவில்லை, அமெரிக்க விலையும் மாறவில்லை. ரூபாய் இறங்கியதற்காக மட்டும் நீங்கள் 1,750 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். இறக்குமதியாளர், டீலர் லாபம் எல்லாம் இதற்கு மேல்.

“செப்டம்பரில் ஜிஎஸ்டி குறைச்சாங்களே?” என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் மானிட்டருக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18க்குக் குறைந்தது உண்மைதான். ஆனால் அது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு. பட்ஜெட் கேமர் வாங்கும் 24 அங்குல மானிட்டருக்கு ஏற்கெனவே 18 சதவீதம்தான். அதில் நமக்கு ஒரு பைசா மிச்சமில்லை.

“குஜராத்தில் மைக்ரான் ஆலை வருதே?” என்பது அடுத்த கேள்வி. சானந்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட அந்த ஆலையின் வேலை, வெளிநாட்டில் தயாரான வேஃபரை வெட்டி, பொதிந்து, சோதித்து அனுப்புவது. வேஃபர் அங்கே உற்பத்தி ஆகாது. வேலைவாய்ப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் அது நல்லது. ஆனால் அங்கிருந்து வெளிவரும் சிப்பும் உலகச் சந்தை விலைக்குத்தான் போகும்.

பழைய சூத்திரம் எங்கே உடைந்தது?

“பட்ஜெட்டில் 40 சதவீதத்தை கிராபிக்ஸ் கார்டில் போடு, ரேம் எப்படியும் சல்லிசாகக் கிடைக்கும், முடிந்தால் 32 ஜிபியாகவே போட்டுக்கோ.” இதுதான் பழைய அறிவுரை. ஓர் உதாரணத்துக்கு, 60,000 ரூபாய் பட்ஜெட்டில் 16 ஜிபி ரேமுக்கு 4,500 ஒதுக்கியிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது மூன்று மடங்கானால் 13,500. அந்த 9,000 ரூபாய் வித்தியாசம் கிராபிக்ஸ் கார்டில் ஒரு முழுப் படி கீழே இறங்குவதற்குச் சமம்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. “60,000க்கு எது பெஸ்ட்?” என்று தொடங்காதீங்க. “என்ன கேம், எந்தத் திரை, ஏற்கெனவே கையில் என்ன இருக்கு?” என்று தொடங்குங்க.

வேலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 மாதிரி ஆன்லைன் கேம்கள்தான் உங்கள் உலகம் என்றால், 1080பி திரைக்கு 16 ஜிபி ரேமும் நடுத்தர கார்டும் தாராளம். சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை கேம்கள் வேண்டுமென்றால்தான் கார்டின் நினைவகம் 8 ஜிபியா, 12 ஜிபியா என்ற விவாதமே வரும். ஆன்லைன் கேமுக்காக மட்டும் பிசி வாங்குபவர், விளையாடவே போகாத கேமுக்கும் சேர்த்துக் காசு கட்டத் தேவையில்லை.

மூன்று வழிகள்

*ஒன்று: டிடிஆர்4 பாதை.* ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட், ரைசன் 5 5600 பிராசசர். 2022இல் வந்த 6 கோர் சிப். 1080பி கேமிங்குக்கு இன்றும் போதும். இன்டெலில் ஐ5-12400எஃப் இதற்கு இணை. அதற்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்து அதில் டிடிஆர்4 ஸ்டிக் இருந்தால், இன்று அதுதான் உங்கள் பொக்கிஷம். தூக்கிப் போட்டுடாதீங்க, எக்ஸ்சேஞ்சில் சும்மாவும் கொடுத்துடாதீங்க. (லேப்டாப் ரேம் டெஸ்க்டாப்பில் பொருந்தாது.)

குறை ஒன்று உண்டு: ஏஎம்4 தன் கடைசிக் காலத்தில் இருக்கிறது. நாளைக்கு பிராசசரை மட்டும் மாற்றி மேலே போக இடம் குறைவு. டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் ஏஎம்5இல் அந்த இடம் இருக்கிறது, நுழைவுச் சீட்டுதான் இப்போது விலை அதிகம். படிப்படியாக ஐந்து வருடம் அப்கிரேடு பண்ணுவேன் என்றால் மட்டும் அந்தச் சீட்டு லாபம்.

*இரண்டு: ஆஃபீஸ் பிசி பாதை.* விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதனால் அலுவலகங்கள் பழைய டெஸ்க்டாப்களைக் கழிப்பது வழக்கத்தைவிட வேகமெடுக்கும். ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் உரிமத்தோடு சேர்ந்து வருவதால் இந்த ரீஃபர்பிஷ்டு பெட்டிகள் முன்பைவிட இப்போது கவர்ச்சியானவை. இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். அதற்கு முந்தையவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடாது. விண்டோஸ் 11இல் வேலோரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் தேவை.

இந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸில் கிராபிக்ஸ் கார்டுக்கான தனி பவர் கேபிள் பெரும்பாலும் இருக்காது. ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி பதிப்பு 70 வாட்டில் மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். குட்டி கேபினட் என்றால் உயரம் குறைந்த மாடலாகக் கேட்டு வாங்குங்கள். இன்டெல் ஆர்க் பி580 கார்டை இங்கே போடாதீர்கள். 12 ஜிபி நினைவகத்தோடு நல்ல கார்டுதான், ஆனால் பழைய பிராசசரோடு சேர்ந்தால் அதன் வேகம் படுத்துவிடும்.

*மூன்று: கார்டு இல்லாத பாதை.* ரைசன் 5 5600ஜி போன்ற சிப்களில் கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. வேலோரன்ட்டுக்கு அது போதும். கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு விதி: கிராபிக்ஸும் ரேமையே பயன்படுத்துவதால், 16 ஜிபி ஒற்றை ஸ்டிக்கைவிட 8 ஜிபி இரண்டு ஸ்டிக் போட்டால் வேகம் நன்றாகக் கூடும். ரேம் விலையைப் பார்த்து “ஒண்ணு போதும்” என்று முடிவெடுத்தால் இந்த வழியின் அர்த்தமே போய்விடும்.

லேப்டாப்? ஹாஸ்டல், பிஜி, அடிக்கடி ஊர் மாறும் வேலை என்றால் அதுதான் நடைமுறை. கார்டின் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரே ஆர்டிஎக்ஸ் 4050 ஒரு லேப்டாப்பில் 35 வாட்டிலும் இன்னொன்றில் 100 வாட்டுக்கு மேலும் ஓடலாம். ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

எஸ்எம்பிஎஸ்ஸில். ரேமுக்குப் போன காசை ஈடுகட்டப் பலரும் முதலில் கை வைப்பது இங்கேதான். கடை காம்போ ஆஃபர்களில் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் ஒளிந்திருக்கும். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் அது செத்தால் தனியாகச் சாகாது, கார்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். 80 பிளஸ் பிரான்ஸ் தரச் சான்றுள்ள, தெரிந்த பிராண்டின் 550 வாட் யூனிட் இந்த பட்ஜெட்டுக்குப் போதும். கேபினட்டின் ஆர்ஜிபி விளக்கில் மிச்சம் பிடியுங்கள், 32 ஜிபி ஆசையில் மிச்சம் பிடியுங்கள்.

செகண்ட் ஹாண்ட் கார்டு வாங்கினால் நேரில் போய், அரை மணி நேரமாவது கேமோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டோ ஓட்டி, வெப்பத்தையும் ஃபேன் சத்தத்தையும் பாருங்கள். வாரன்டி சில பிராண்டுகளில் சீரியல் நம்பரை வைத்து, சிலவற்றில் பில்லை வைத்து. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் ரேம் வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். விலை ஏறிய பொருளில்தான் பெட்டிக்குள் சரக்கு மாறும் வேலை நடக்கும்.

‘நோ காஸ்ட்’ இஎம்ஐ உண்மையில் காசு இல்லாமல் வராது. ப்ராசசிங் கட்டணம், வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி, கைவிட்டுப்போகும் தள்ளுபடி, மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு வருடத் தவணையில் வாங்கிய ரேம், ஒரு வருடத்தில் விலை இறங்கினாலும் உங்கள் தவணை இறங்காது.

காத்திருந்தால் விலை குறையுமா?

2021இல் கிரிப்டோ மைனிங்கால் கிராபிக்ஸ் கார்டு விலை பறந்தது பலருக்கு நினைவிருக்கும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும் கார்டு வைத்து மைனிங் செய்யும் தேவை சரிந்தது. ரேமுக்கு அப்படி ஒரு நாள் குறிக்க முடியாது. தட்டுப்பாடு 2026ஐத் தாண்டியும் நீடிக்கும் என்று மைக்ரானே முதலீட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறது. புது ஆலை எழும்பி உற்பத்தி தொடங்க வருடங்கள் ஆகும்.

அதே நேரம், நினைவகத் தொழில் ஏற்ற இறக்கத்துக்குப் பேர்போனது. 2023இல் விலை அதலபாதாளத்துக்குப் போய், சாம்சங்கே உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. ஏஐ முதலீடு சுணங்கினால் அந்தக் காட்சி திரும்பலாம். ஆனால் அதை நம்பி மாதத்தைக் குறித்துவைத்துக் காத்திருப்பது சூதாட்டம்.

ஆக, ஓடுகிற பிசி ஒன்று ஏற்கெனவே இருந்தால், காத்திருங்கள். மிஞ்சிப்போனால் கார்டை மட்டும் மாற்றுங்கள். பிசியே இல்லை, வேலைக்கும் படிப்புக்கும் அதே பெட்டிதான் வேண்டும் என்றால், 16 ஜிபியோடு இன்றே வாங்கலாம், தப்பில்லை. மதர்போர்டில் இரண்டு ஸ்லாட்டாவது காலியாக இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பெரிய விஷயமும் இருக்கிறது. நம்மில் பலருக்கு வீட்டுக்கு வந்த முதல் நல்ல கம்ப்யூட்டர், “படிக்கத்தாம்பா” என்று சொல்லி கேமுக்காக வாங்கியதுதான். அதிலேயே எடிட்டிங்கும் கோடிங்கும் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தவர்கள் ஏராளம். அந்தக் கதவின் படி இப்போது உயர்ந்திருக்கிறது, உயர்த்தியது நம்மைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாத ஒரு சந்தை. அதன் விலைப் போட்டியில் நாம் ஜெயிக்க முடியாது. தேவையில்லாத ஜிபியை வாங்காமல் ஒதுங்கி நிற்கலாம். இந்த வருடத்துக்கு பட்ஜெட் கேமரின் கெட்டிக்காரத்தனம் அதுதான்.