பதினோராவது பொருத்தம்

காத்தோங்கில் வாடகைக்குக் குடியிருக்கும் என் அக்காளும் அத்தானும் வீடு வாங்க முனைந்தார்கள். இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் போதிய கடன் கிடைக்கும். வங்கியோ மறுத்துவிட்டது. அத்தானின் பழைய கடன்பற்று அட்டை நிலுவையே காரணம். திருமணத்திற்கு முன்பே இருந்த கடன். வெட்கத்தால் அவர் சொல்லவில்லை.

இரண்டு நாள் அக்காள் பேசவில்லை. மூன்றாம் நாள் இருவரும் கிரெடிட் பியூரோ அறிக்கையை விரித்து அமர்ந்தார்கள். 2002இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்நிறுவனம் 1000 முதல் 2000 வரை மதிப்பெண் இடுகிறது. கடந்த 12 மாதங்களில் தவணையை நேரத்தில் கட்டினோமா என்பதும் அறிக்கையில் தெரியும். அக்காளின் சேமிப்பில் நிலுவை அடைந்தது. மற்ற தவணைகள் ஜைரோ வழி தவறாமல் போகின்றன. புதிய அட்டை எதற்கும் விண்ணப்பிப்பதில்லை. இது எட்டாவது மாதம்.

தமிழ்ப்பள்ளியிலும் தேசியப் பள்ளியிலும் நான் வட்டிக் கணக்குப் போட்டிருக்கிறேன். வீட்டில் கடனைப் பற்றிப் பேச யாரும் கற்றுத் தரவில்லை. நம்மவர்கள் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், சம்பளம் விசாரிக்கிறோம். கடனை மட்டும் கேட்பதில்லை. நண்பர்களே, மணம் பேசும்போதே கேளுங்கள், சொல்லுங்கள். மதிப்பெண் குறைந்தவரை ஒதுக்குவதற்கு அன்று, சேர்ந்து சீர்செய்வதற்கு. கடனை விட அதை மறைத்ததே அக்காளை அதிகம் அழ வைத்தது.