எங்கள் முகவரியை யார் கொடுத்தது?

டெங்கு உறுதியான மறுநாளே வீட்டு வாசலில் சுகாதாரத் துறையினர் வந்து நின்றார்கள். எங்கள் முகவரியை யார் கொடுத்தது? மழைக்காலந்தோறும் நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. நாங்கள்தாம் கொடுத்தோம். கொடுப்பது எங்கள் கடமை. ஆனால் கொடுக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லாமல் விட்டது எங்கள் குறை.

டெங்கு, காலரா போன்ற சில நோய்களை மருத்துவமனைகள் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். காசநோயை 2012 முதல் தனியார் மருத்துவமனைகளும் அறிவிக்கின்றன. அறிவிப்பில் இத்தனை அவசரம் ஏன் என்று சிலர் வினவுவதுண்டு. டெங்கு நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு, ஏறத்தாழ 8 முதல் 12 நாள்களுக்குள் அந்நோயைப் பிறருக்குப் பரப்பும் நிலையை அடைகிறது. அதற்குள் அத்தெருவின் தொட்டிகளும் பழைய டயர்களும் நீரின்றிக் கவிழ்க்கப்பட வேண்டும். அறிவிப்பு இரண்டு வாரம் தாமதித்தால் கண்காணிப்பு வெறும் கணக்கெழுதும் வேலையாகிவிடும்.

இதற்குப் பெருங்கருவிகள் தேவையென எண்ண வேண்டா. 1980களில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் முதலானோர் ஒரு கண்காணிப்பு முறையை உருவாக்கினர். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் கூடி 'நதி' என்றாயின. கருவி என்று சொல்லத்தக்கது ஓர் அஞ்சலட்டைதான். அரசு மருத்துவரும் தனியார் மருத்துவரும் தாம் கண்ட நோயை அதில் குறித்துத் தபாலில் சேர்த்தனர். மாவட்டத்தில் என்னென்ன நோய்கள் தென்பட்டன என்ற மாதாந்தரத் தகவல் மடல் அவர்களுக்குத் திரும்பி வந்தது. எங்களைப் பெரிதும் கவர்வது இந்தத் திரும்பி வந்த மடலே. பதில் வராத இடத்துக்கு எத்தனை நாள்தான் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார்?

மருத்துவர் அறிவிப்பதற்கு முன்பே அறிந்திருப்பவர்கள் நீங்கள். 2018 மே மாதம் கோழிக்கோட்டில் மூளைக்காய்ச்சல் அறிகுறிகளுடன் ஓர் இளைஞர் சேர்க்கப்பட்டார். அவருடைய சகோதரர் சில நாள்களுக்கு முன்னரே காய்ச்சலால் இறந்திருந்தார். குடும்பத்தில் வேறு சிலரும் நோயுற்றிருந்தனர். இச்செய்திதான் மருத்துவர்களை ஐயுறச் செய்தது. சில நாள்களில் நிபா என உறுதியாயிற்று. அவ்வாண்டு அந்நோய்க்கு 17 பேர் பலியாயினர். ஒரு துக்க வீட்டின் செய்தி மருத்துவரின் காதுக்கு எட்டாமற்போயிருந்தால் அவ்வெண்ணிக்கை எங்கே நின்றிருக்குமோ!

ஆகவேதான் வார்டில் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டில் எவருக்கேனும் காய்ச்சலா, அண்மையில் எங்கே சென்றீர்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள் என்கிறார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமும் பொய்யன்று. காசநோய் என்ற சொல் வெளியே கசிந்ததால் திருமணப் பேச்சு முறிந்த குடும்பங்கள் உண்டு. எனவே நோயைத் தேடித் தெருவுக்கு வருபவர்கள் நோயாளியின் பெயரை அங்கே உரக்கச் சொல்லலாகாது. ஒரு வீட்டை மட்டும் சுட்டாமல் தெரு முழுவதையும் பார்வையிடுவதே முறை.

எந்தெந்த நோய்களை யாருக்கு அறிவிக்கிறோம் என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எளிய தமிழில் அச்சிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. உங்கள் தகவலால் என்ன நடந்தது என்பதையும் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் பங்குக்கு ஒரு வேண்டுகோள். முகவரி கேட்கும்போது பலர் ஆதார் அட்டையை நீட்டுகிறீர்கள். அதில் சொந்த ஊர் இருக்கும். நோயாளி கடந்த இரண்டு வாரங்களாகத் தங்கியிருந்ததோ விடுதியில், மகள் வீட்டில், அல்லது கட்டுமானப் பணியிடத்தில். கொசு இருப்பது அங்கேதான். அந்த முகவரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.