ஓட்டிப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்!

பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் போகிறீர்கள். பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்கிறீர்கள். "எதுக்கு சார்? இதுக்கு முன்னாடி நாலு வண்டியை ஓட்டிப் பார்த்தாங்க. நாலுமே நடுவழியில நின்னுடுச்சு. அதனால ஓட்டாமலே எடுத்துக்குங்க" என்கிறார் கடைக்காரர். என்ன செய்வீர்கள்? அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவீர்கள், இல்லையா?

அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி 2023-ல் தன் வாக்காளர்களிடம் சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான்.

அங்கே அதிபர் வேட்பாளரைத் தலைமைக் கழகம் அறிவிப்பதில்லை. மாநிலம் மாநிலமாக மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பிரைமரி என்று பெயர். பதவியில் இருப்பவர் மறுபடி நிற்க ஆசைப்பட்டாலும் இந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். ஆனால் அவரைச் சொந்தக் கட்சிக்காரரே எதிர்த்தால் கட்சிப் பெரியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். உடனே பழைய கணக்கை எடுத்து நீட்டுவார்கள்.

1968-ல் ஜான்சனை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தி, நியூ ஹாம்ப்ஷயரில் 42 சதவீதம் வாங்கினார். ஜெயித்தது ஜான்சன்தான். ஆனால் அந்த மாதக் கடைசியிலேயே போட்டியிலிருந்து விலகினார். 1976-ல் ஃபோர்டை ரீகன் எதிர்த்தார். 1980-ல் கார்ட்டரை எட்வர்ட் கென்னடி எதிர்த்தார். 1992-ல் சீனியர் புஷ்ஷை புக்கானன் எதிர்த்தார். மூன்று அதிபர்களும் பிரைமரியில் தப்பித்துப் பொதுத்தேர்தலில் தோற்றார்கள். "பார்த்தீர்களா, உள்சண்டை வந்தாலே அவ்வளவுதான்!"

அட, ஓட்டிப் பார்த்ததாலா வண்டி நின்றது? ஜான்சனைக் கவிழ்த்தது வியட்நாம். கார்ட்டரைக் கவிழ்த்தது விலைவாசியும் ஈரானில் சிக்கிய பிணைக்கைதிகளும். புதிய வரி கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டு வரியை ஏற்றியவர் புஷ். பொருளாதாரமும் படுத்துக் கிடந்தது. இன்ஜினில் கோளாறு இருந்ததால்தான் எதிர்க்க ஆள் வந்தது.

"கிளின்டன் 1996-ல், ஜூனியர் புஷ் 2004-ல், ஒபாமா 2012-ல் உருப்படியான எதிர்ப்பே இல்லாமல் நின்று ஜெயிக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். ஜெயித்தார்கள். எதிர்க்க யாரும் கிளம்பாததற்குக் காரணம், கட்சிக்காரர்களுக்கு அவர்கள் மேல் பெரிய குறை இல்லை. குறை இல்லாததால் போட்டி இல்லாமல் இருப்பது வேறு. குறை தெரியக்கூடாது என்று போட்டியைத் தடுப்பது வேறு.

இரண்டாவதைக் குடியரசுக் கட்சியும் செய்து பார்த்தது. 2020-ல் டிரம்ப்புக்காகச் சில மாநிலங்களில் உட்கட்சித் தேர்தலையே ரத்து செய்தார்கள். அந்த ஆண்டு அவர் தோற்றார். மற்ற கட்சி அதைப் பார்த்துப் பாடம் படித்திருக்க வேண்டுமே? படிக்கவில்லை.

2023 ஆகஸ்டில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், இன்னொரு நாலு வருடத்துக்கு பைடனுக்கு வயது அதிகம் என்று சொன்னவர்கள் நான்கில் மூன்று பேர். அவருடைய சொந்தக் கட்சியிலேயே மூன்றில் இரண்டு பேர்! இரண்டாம் தவணை முடியும்போது அவருக்கு 86 வயது ஆகியிருக்கும். கட்சி என்ன செய்தது? விவாதமே வைக்கவில்லை. 2020-ல் அவரைக் கைதூக்கிவிட்ட தென் கரோலினாவை வரிசையில் முதலில் வைத்தது. புளோரிடாவில் அவர் பெயரை மட்டும் கொடுத்ததால் அங்கே பிரைமரியே நடக்கவில்லை. மின்னசோட்டா எம்.பி. டீன் பிலிப்ஸ் எதிர்த்து நின்றார். நியூ ஹாம்ப்ஷயரில் அவருக்குச் சுமார் 20 சதவீதம். பெரிய தலைகள் வாயே திறக்கவில்லை.

2024 ஜூன் 27. அட்லான்டாவில் டி.வி. விவாதம். வண்டி முதல் தடவையாக ரோட்டில் இறங்கியது. பாதி வாக்கியத்தில் தடுமாறி நின்ற அதிபரை உலகமே பார்த்தது. ஜூலை 21-ல் விலகினார். ஓட்டெடுப்புக்கு மிச்சம் 107 நாள்.

அப்புறம் கமலா ஹாரிஸ். இங்கேதான் நாமும் மாட்டுகிறோம். அவருடைய தாத்தா ஊர் துளசேந்திரபுரம். ஊர்க் கோயிலில் பூஜை, பேனர், டி.வி. கேமராக்கள். அவரை நாம் எடைபோட்டது அவ்வளவுதான். 2019-ல் இதே பதவிக்குக் கிளம்பி, முதல் பிரைமரிக்கு முன்பே, டிசம்பரில் விலகிக்கொண்டவர் அவர். ஏன் எடுபடவில்லை, இந்தமுறை என்ன மாறியிருக்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்? பேத்தி என்ற பாசம் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் தாத்தாவின் ஊரா ஒரு அதிபருக்குத் தகுதி?

அவரையும் ஓட்டிப் பார்க்காமலே களத்தில் இறக்கினார்கள். நவம்பரில் தோற்றார். முறையான பிரைமரி நடந்திருந்தால் டிரம்ப் தோற்றிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது யாருக்குத் தெரியும்? ஆனால் ஜூனில் தெரிந்த கோளாறு ஜனவரியிலேயே தெரிந்திருக்கும். அடுத்த ஆளைத் தேட 107 நாளுக்குப் பதில் பத்து மாதம் கிடைத்திருக்கும்.

அடுத்த தேர்தல் 2028-ல். கருத்துக்கணிப்பில் முதலிடம், வசூலில் முதலிடம் என்று பட்டியல்கள் வரும். மயங்காதீர்கள். 1991 மார்ச்சில், வளைகுடாப் போர் முடிந்த கையோடு, சீனியர் புஷ்ஷுக்கு 89 சதவீத ஆதரவு. 2007-ல் தேசியக் கணிப்புகளில் முன்னால் நின்றவர்கள் ஹிலாரியும் ஜூலியானியும். வேட்பாளர்கள் ஆனது ஒபாமாவும் மெக்கெய்னும்!

எனவே எந்த ஊரானாலும் மூன்றே கேள்வி கேளுங்கள். எழுதிக் கொடுக்காத கேள்விக்கு இவர் பதில் சொல்லியிருக்கிறாரா? சொந்தக் கட்சியில் ஒருவராவது இவரை எதிர்த்துப் பேச முடிகிறதா? ஓட்டிப் பார்க்க நமக்குச் சாவி தருகிறார்களா?

தரமாட்டேன் என்றால் கோபப்பட வேண்டாம். வண்டியின் லட்சணத்தை அவரே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.