மின்சிகிச்சையும் நமது அச்சமும்

உடல் நோயுற்றால் வைத்தியரை நாடும் நாம், உள்ளம் நோயுற்றால் அதனை மறைக்கவே முற்படுகின்றோம். ஹுன்னஸ்கிரியவிலே, ஊணும் உறக்கமும் இழந்து வாழ்வையே வெறுத்திருந்த தாயொருத்திக்கு வைத்தியர் மின்சிகிச்சை விதித்தபோது, “கரண்டு பிடித்தால் மூளை கெட்டுவிடும்” என்று சுற்றத்தார் தடுத்ததை யாம் கண்டோம். அவ்வச்சம் தக்கதுதானா?

1938 ஆம் ஆண்டில் உரோமாபுரியிலே செர்லெற்றி, பினி என்னும் இருவர் இம்முறையைத் தொடங்கினர். அந்நாளில் மயக்கமருந்தின்றிச் செய்தமையால் எலும்பு முறிதலும் நேர்ந்தது. அச்சம் பிறந்தது அங்கேதான். இன்றைய முறையோ, நோயாளியை மயக்கித் தசைகளைத் தளர்த்திய பின்னரே சில வினாடி மின்னோட்டம் செலுத்துவதாகும். இவையின்றிச் செய்தலை இந்தியாவின் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துள்ளது.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்த பெங்களூர் ஆராய்ச்சியொன்று நாம் சிந்தித்தற்குரியது. கடும் மனச்சோர்வுற்ற 45 பேரைப் பதினைவராகப் பிரித்து, முதற் பிரிவினர்க்கு மின்சிகிச்சையும், அடுத்தவர்க்கு மாத்திரையும், மூன்றாமவர்க்கு யோக மூச்சுப்பயிற்சியும் அளித்தனர். நான்கு வாரத்தில் நோய் நீங்கியோர் முறையே நூற்றுக்கு 93, 73, 67 வீதத்தினர். யோகமும் பயன் தந்தது. ஆயினும் மின்சிகிச்சையே முந்தி நின்றது.

குறையும் உண்டு. ஞாபகமறதி பலர்க்கு நேர்கின்றது. சிலர்க்கு அது நீடிப்பதுமுண்டு. பின்னரும் மருந்து தொடராவிடில் நோய் மீளலாம். ஆதலின் வைத்தியரிடம் வினவித் தெளிந்து இசைதல் வேண்டும். கேள்விப்பட்டதை நம்பி மறுத்தல் தகாது.

கல்லூரி அன்பர்களே! அயலில் ஒருவர் இவ்வாறு வாடக் காணின், கோயிலுக்கு நேர்த்தி வையுங்கள். வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.